கொல்லிமலை மாணவரும் கல்லூரிப் பாடத்திட்டமும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை, தமிழ் பயில்வோர் நன்கறிந்த மலையாகும். அதன் தலைவன் வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய பாடல்கள் புறநானூற்றில் 152, 153ஆம் எண்களில் உள்ளன. இன்று அம்மலையில் வாழ்வோருள் பெரும்பாலோர் ‘மலையாளி’ என்னும் பட்டியல் பழங்குடியினர். தமிழே அவர்தம் தாய்மொழி. பட்டப்படிப்பை நாடும் இளையோர் பலர் சமவெளியிலுள்ள நாமக்கல், இராசிபுரம் போன்ற ஊர்களின் கல்லூரிகளுக்கு வருகின்றனர். கொல்லிமலை பாடப்பொருளாக வகுப்பறையில் இடம்பெற்றுள்ளது. அங்கிருந்து வரும் மாணவரை மனத்திற்கொண்டு பாடம் வடிவமைக்கப்பட்டுள்ளதா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

மலைக்கேற்ற பள்ளி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொல்லிமலையில் பணியாற்றிய ஜெசி பிராண்ட், எவ்லின் பிராண்ட் இணையர் எழுத்தறிவோடு வேளாண்மை, தச்சு முதலிய தொழில்களையும் கற்பித்தனர். சமயப் பரப்பலே அவர்தம் நோக்கமாயினும், கற்போரின் வாழ்க்கையைக் கல்வியோடு இணைத்த முறை கருதத்தக்கது. விடுதலைக்குப் பின் அரசின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் தொலைவு, வறுமை ஆகிய தடைகளைக் களையும் பொறுப்பை நிறுவனத்தின் மீது ஏற்றின. பள்ளிக்கல்வி இவ்வாறு ஓரளவு மாணவரை நோக்கி நகர்ந்தது.

கல்லூரி திறந்த வாயில்கள்

உயர்கல்வியில் இத்தகைய நகர்வு 1960இல் நிகழ்ந்தது. கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்டப்படிப்பு சோதனை முறையில் தொடங்கப்பட்டது. அதற்கெனக் கலைச்சொற்களும் பாடநூல்களும் ஆக்கப்பட வேண்டியிருந்தன. தமிழ் வெளியீட்டுக் கழகம் பல துறைகளில் நூல்களை வெளியிட்டது. மாணவர் ஆங்கிலத்தைக் கற்றுத் தேறும்வரை காத்திராமல், பாடமே அவர்தம் மொழிக்கு வந்தமை இம்முயற்சியின் சிறப்பாகும்.

1990இல் பழங்குடியினருக்குத் தனியாக ஒரு விழுக்காட்டு இடஒதுக்கீடு தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தது. இஃது இன்றியமையாத உரிமை. எனினும் சேர்க்கை விதி வாயிலைத் திறந்ததேயன்றி, வாயிலுக்கு உள்ளே நிகழும் கற்பித்தலை மாற்றவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் எழுத்தறிவு 80.1 விழுக்காடு; பழங்குடியினரிடையே அது 54.3 விழுக்காடு மட்டுமே. அவ்வகையில், குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகும் மாணவருக்கும் ஏனையோருக்கும் ஒரே விரிவுரையும் ஒரே எழுத்துத் தேர்வுமே வைக்கப்படுகின்றன. தேறாதபோது குறை மாணவருடையதாகவே கணிக்கப்படுகிறது.

வடிவமைப்பு என்னும் கருத்து

கட்டடக் கலைஞர் ரொனால்டு மேஸ் முன்மொழிந்த ‘அனைவருக்குமான வடிவமைப்பு’, கட்டடத்தைக் கட்டி முடித்தபின் சாய்தளம் சேர்ப்பதற்கு மாறாகத் தொடக்கத்திலேயே அனைவரையும் கருதித் திட்டமிடுவதாகும். அமெரிக்காவில் 1984இல் தொடங்கப்பட்ட ‘காஸ்ட்’ நிறுவனம் இக்கருத்தைக் கற்றலுக்கு விரித்தது. ஈடுபாடு, பொருளை வழங்கும் முறை, கற்றதை வெளிப்படுத்தும் முறை ஆகிய மூன்றிலும் பல வழிகள் வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்குமாறு பணித்தது. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு அணுகல்தன்மைக்கான நெறிமுறைகளை வெளியிட்டது.

புறநானூறு 152ஆம் பாடலைக் கற்பிக்கும் அலகினை இந்நோக்கில் அமைத்துப் பார்க்கலாம். பாடலின் உரையை அச்சிலும் ஒலிப்பதிவிலும் முன்னரே வழங்கலாம். பார்வையற்ற மாணவர், வாசிப்பில் தயங்குபவர், பேருந்துப் பயணத்தில் படிப்பவர் என மூவருக்கும் அவ்வொலிப்பதிவு பயன்படும். அகமதிப்பீட்டில் கட்டுரைக்கு மாற்றாக வாய்மொழி விளக்கத்தையோ, மலைவாழ் முதியோரிடம் திரட்டிய வழக்காறுகளின் தொகுப்பையோ ஏற்கலாம். மதிப்பிடும் அளவுகோல் அனைவருக்கும் ஒன்றே. அதனை எட்டும் வழிகளே பல. சாமை, தினை, கேழ்வரகு முதலியவற்றைப் பயிரிட்ட குடும்பத்து மாணவரின் அறிவு, சங்கத் திணைப் பாடல்களைப் படிக்கும் வகுப்பில் சான்றாகவும் அமையும்.

முடிவுரை

தமிழகக் கல்லூரி வரலாற்றில் சேர்க்கை உரிமையும் பயிற்றுமொழியும் போராடியும் உழைத்தும் பெறப்பட்டவை. பாட வடிவமைப்பு இவற்றின் தொடர்ச்சியேயன்றி அயலிலிருந்து வந்த புதுமை அன்று. 1960இல் மொழியளவில் செய்ததைக் கற்பித்தல், மதிப்பிடுதல் ஆகியவற்றிலும் செய்வதே எஞ்சியுள்ள பணி. பாடத்திட்டக் குழுக்கள் ஒவ்வொரு தாளையும் வகுக்கும்போது, ‘இத்தாள் எந்த மாணவரைக் கருதி எழுதப்பட்டது?’ என்னும் வினாவை முதலில் எழுப்புதல் வேண்டும்.