சம அமைப்பு, சமமற்ற அளவீடு: பல சேமிப்புச் சாதனங்களைச் சோதிக்கும் முறை குறித்து

சேமிப்புச் சாதனங்கள் பலவற்றை ஒப்பிடுவோர், எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பைக் கொடுப்பதே நடுநிலை என்று நம்புகின்றனர். ஜென்ஸ் ஆக்ஸ்போ எழுதிய ஃபியோ மென்பொருளில் வரிசை ஆழத்தை, அதாவது ஒரே நேரத்தில் நிலுவையில் இருக்கும் கோரிக்கைகளின் எண்ணிக்கையை, 32 என்று குறித்து, அதே அமைப்பை எல்லா வட்டுகளின் மீதும் ஓட்டுவது வழக்கமாகிவிட்டது. இந்த நடுநிலை வெறும் தோற்றம். மாறாமல் வைக்க வேண்டியது, பயன்பாடு பொறுத்துக்கொள்ளும் தாமதத்தின் வரம்பு. ஆழம் சாதனத்துக்குச் சாதனம் மாறட்டும்.

காரணம் எளிய பெருக்கல்தான். ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதிப்படி, நிலுவையில் உள்ள கோரிக்கைகளின் சராசரி எண்ணிக்கை என்பது, நொடிக்கு முடிபவற்றின் எண்ணிக்கையையும் ஒவ்வொன்றின் சராசரித் தாமதத்தையும் பெருக்கி வருவது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வன்தட்டு, தாறுமாறான வாசிப்பில் நொடிக்கு 160 கோரிக்கைகளை முடிப்பதாகக் கொள்வோம். ஆழம் 32 எனில் ஒவ்வொரு கோரிக்கையும் 200 மில்லிநொடி காத்துக் கிடக்கும். 100 மைக்ரோநொடியில் பதில் தரும் என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு அதே 32 கொடுத்தால் நொடிக்கு 3,20,000 கோரிக்கைகள் முடியும்; அதற்கு மேலும் தெம்பு மிஞ்சியிருக்கலாம். ஒன்று மூச்சுத் திணறும்போது மற்றது உழைக்கவே தொடங்கவில்லை. சாட்டா வட்டின் வரிசையோ 32 கட்டளைகளோடு முடிந்துவிடும். 64 கேட்டால் மிச்சம் கெர்னலில் நிற்கும்; அந்தக் காத்திருப்பும் வட்டின் கணக்கில்தான் ஏறும்.

பல சாதனங்களை ஒரே பணிக்குள் அடைப்பது இதைவிட மோசம். ஃபியோவில் ஆழம் பணிக்கு உரியது, சாதனத்துக்கு உரியதன்று. முக்காற்புள்ளியிட்டு 16 வட்டுகளைக் கோத்து ஆழம் 32 என்றால், வட்டுக்குச் சராசரியாக 2 கோரிக்கைகளே கிடைக்கும். அந்தச் சராசரியும் நிலைப்பதில்லை. மெதுவான வட்டுக்குப் போனவை திரும்பி வராமல் இடத்தை அடைத்துக்கொள்ள, விரைவான வட்டுகள் வேலையின்றிக் காத்திருக்கும். ஒரு நோயுற்ற வட்டு பதினைந்து நல்ல வட்டுகளின் எண்களையும் கெடுக்கிறது. சாதனத்துக்கு ஒரு பணி என்று பிரித்தால் இது தீரும்; ஆனால் முடிவுகளைக் குழுவாகக் கூட்டித் தரும் வசதியை இயக்கிவிட்டால் அந்த நோயாளி மீண்டும் கூட்டத்தில் மறைந்துவிடுவான்.

அடுத்தது பாதை. 60 வன்தட்டுகள் உள்ள பெட்டியில் ஒவ்வொன்றும் தொடர் வாசிப்பில் நொடிக்கு 250 மெகாபைட் தரும் எனில், மொத்தம் 15 ஜிகாபைட். நான்கு தடம் கொண்ட 12 ஜிகாபிட் எஸ்ஏஎஸ் கம்பி சுமப்பது 4.8 ஜிகாபைட் மட்டுமே. எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டினால் வட்டுக்கு 80 மெகாபைட் என்று அழகான, சீரான அட்டவணை கிடைக்கும். அந்தச் சீர்மையைத்தான் ஐயுற வேண்டும், ஏனெனில் அங்கே அளக்கப்பட்டது கம்பி. தொடர் வாசிப்பை 19 வட்டுகளுக்கு மேற்படாத தொகுதிகளாக ஓட்டலாம். தாறுமாறான 4 கிலோபைட் வாசிப்பில் 60 வட்டுகளும் சேர்ந்து 40 மெகாபைட்டைக்கூடத் தொடா. ஆகவே அதை ஒருசேர ஓட்டுவதில் கம்பியால் இடரில்லை. அதிர்வு வேறு கதை. வட்டுகளை நோக்கி உரக்கக் கத்தினாலே தாமதம் எகிறுவதை பிரெண்டன் கிரெக் 2008இல் காணொளியாகவே காட்டினார். பக்கத்து வட்டுகளின் ஆட்டம் நிஜப் பயன்பாட்டிலும் இருப்பதால், தனியாகவும் கூட்டாகவும் ஓட்டி இரு எண்களையும் தருவதே நேர்மை.

ஆழம் மாறினால் ஒப்பீடு எப்படி நிற்கும் என்ற மறுப்பு எழும். தொகுதி அளவு, தற்காலிக நினைவகத்தைத் தவிர்க்கும் நேரடி அணுகல், ஓடும் காலம் ஆகியவை நிலையாக இருக்கட்டும். தாமத இலக்கைக் கொடுத்தால், அதற்குள் அடங்கும் மிகப்பெரிய ஆழத்தை ஃபியோவே தேடித் தரும். 99 விழுக்காடு கோரிக்கைகள் இலக்குக்குள் முடிய வேண்டும் என்றும் கட்டளையிடலாம். கிடைத்த ஆழத்தை அட்டவணையில் ஒரு நிரலாகச் சேர்த்தால் அதுவே சாதனத்தைப் பற்றிய கண்டுபிடிப்பாகும்.

எஸ்எஸ்டிகளில் இந்தத் தேடலை எப்போது தொடங்குகிறோம் என்பதும் முக்கியம். வெறுமையான எஸ்எஸ்டியில் எழுதாத இடத்தை வாசித்தால், ஃபிளாஷைத் தொடாமலே அது சுழியங்களைத் திருப்பக்கூடும். எழுதுவதும் பொய்யாக வேகம் காட்டும். எஸ்என்ஐஏ அமைப்பின் சோதனை விதி, முதலில் முழுவதும் அழித்து, கொள்ளளவைப் போல் இருமடங்கு எழுதி, ஐந்து சுற்றுகளின் அலைவு சராசரியின் 20 விழுக்காட்டுக்குள் அடங்கும்வரை பொறுக்கச் சொல்கிறது. அதற்கு முன்னரே ஆழத்தைத் தேடினால், எழுதும் பணிக்கு அந்தச் சாதனம் பின்னால் தாங்க முடியாத ஆழமே விடையாக வரும்.