மீன்பிடிக் கயாக்: செஞ்சி வட்டாரத்து நீர்நிலைகளுக்கு முதல் கலம்

மீன்பிடிக் கயாக் என்பது ஒருவர் அமர்ந்து, இருபுறமும் அலகுள்ள துடுப்பால் வலித்துச் செல்லும் நீண்ட சிறு படகு. தூண்டில் வைக்கும் குழாய்கள், மீன் பெட்டிக்கு இடம், சாய்ந்து உட்கார இருக்கை ஆகியவை இதில் இருக்கும். ஆர்க்டிக் பகுதியின் இனுயிட், அலூட் மக்கள் மிதந்து வந்த மரத்தாலும் எலும்பாலும் சட்டம் கட்டி, கடல்நாய்த் தோல் போர்த்தி வேட்டைக்குச் செய்துகொண்ட கலமே இதன் மூலம். இன்று விற்பவற்றில் பெரும்பாலானவை பாலி எத்திலீனைச் சுழல் அச்சில் உருக்கி வார்த்தவை. தமிழகத்தில் சென்னை, புதுச்சேரிக் கடற்கரையை ஒட்டிய தூண்டில்காரர்கள் சிலரிடம் இது வந்துவிட்டது. வந்தவாசி வட்டத்துச் சீயமங்கலம், தேசூர் முதல் தெற்கே செஞ்சி வரையிலான ஏரி நாட்டுக்கு இது இன்னும் புதிது. முதன்முறை வாங்குகிறவர் படகுக் கடைக்குப் போகுமுன் தம் ஊர்த் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

இவ்வட்டாரத்தின் தண்ணீர்

பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து அவனிபாஜன பல்லவேசுவரம் என்னும் கோயிலை எடுத்த ஊர் சீயமங்கலம். குன்றும் பாறையும் நிறைந்த இந்நிலத்தில் வற்றாத ஆறு கிடையாது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் ஏரிகளே நீர்நிலைகள். ஐப்பசி, கார்த்திகையில் மழை கூடினால் ஏரி கோடி போகும். தையிலும் மாசியிலும் தண்ணீர் நிற்கும். அதன்பின் பாசனத்திலும் வெயிலிலும் இறங்கி, சித்திரையில் பல ஏரிகள் வெடித்த சேறாகிவிடும். ஆகவே ஊர் ஏரியை மட்டும் நம்பி வாங்கும் கலம் ஆண்டில் பாதிக்கும் குறைவான காலமே தண்ணீரில் இருக்கும்.

மீதிக் காலத்துக்கு இருப்பவை அணைகளும் கழிமுகங்களும். செஞ்சி மலைகளில் பிறக்கும் சங்கராபரணி ஆறு மயிலம் அருகே வீடூர் அணையில் தேங்குகிறது. அணையின் முழு நீர்மட்டம் 32 அடி, கொள்ளளவு 605 மில்லியன் கன அடி. அங்கிருந்து இறங்கும் ஆறு புதுச்சேரியை நெருங்கும்போது அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என இரண்டாகப் பிரிந்து கடலில் சேர்கிறது. தென்பெண்ணையின் குறுக்கே 1958-இல் கட்டி முடிக்கப்பட்ட சாத்தனூர் அணை இவற்றையெல்லாம்விடப் பெரியது, ஆழம் 119 அடி வரை போகும். கிழக்கே மரக்காணம் பக்கம் கழுவேலி என்னும் உவர்நீர்ப் பரப்பு உள்ளது. அது 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதால், வனத்துறையின் அனுமதி பெறாமல் படகும் தூண்டிலுமாக அங்கே நுழையக் கூடாது.

ஏற்கெனவே உள்ள ஒற்றையாள் கலங்கள்

ஒருவர் தனியாக மிதந்து மீன்பிடிப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. ஏரிக் குத்தகைதாரர்களின் ஆட்கள் காற்றடைத்த லாரி டியூபின் மேலோ, தெர்மாகோல் பலகைகளைக் கட்டிய தெப்பத்தின் மேலோ அமர்ந்து, கையாலேயே தண்ணீரைத் தள்ளிப் போய்ச் செவுள் வலை விரிப்பதை எந்த ஊரிலும் காணலாம். மேட்டூர் போன்ற அணைகளில் பரிசல் உண்டு. மூங்கில் பிளாச்சால் வட்டமாகப் பின்னி, முன்பு தோலும் இன்று பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் போர்த்திய பரிசல் நிறைய வலை தாங்கும். ஆனால் நேர்கோட்டில் ஓட்டுவதற்குப் பழகிய கை வேண்டும், காற்றில் சுழன்றுபோகும்.

எல்லாவற்றிலும் கூர்ந்து நோக்க வேண்டியது கட்டுமரம். சோழமண்டலக் கரையில் மணல் சரிவாக இறங்க, அலை கரைக்கு அருகிலேயே உடைகிறது. குழிவான படகு இந்த உடைப்பில் நீர் மொண்டு கவிழும். இலேசான மரங்களைச் செதுக்கிக் கயிற்றால் கட்டிய கட்டுமரத்தில் நீர் தங்க இடமே இல்லை. மேலே ஏறிய அலை மர இடுக்குகள் வழியே கீழே போய்விடும். கவிழ்ந்தாலும் மூழ்காது, திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்து மரங்களை உலர்த்துவார்கள், நீர் ஊறிய மரம் கனத்துப்போகும் என்பதால். ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட பயண நூலில் இக்கரையின் கட்டுமரத்தை வருணித்திருக்கிறார். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருமளவில் வழங்கப்பட்டன, கட்டுமரம் குறைந்தது. அத்துடன், தனியாள் கடலுக்குப் போகும் கலத்தைக் கட்டும் கைத்திறனும் குப்பங்களில் மெல்ல அருகிவருகிறது. இது பெரிய இழப்பு.

இன்றைய மேலமர் கயாக் இதே தத்துவத்தில் இயங்குகிறது. 1970-களில் கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகையிலிருந்து வளர்ந்த இவ்வகையில், ஆள் படகின் குழிக்குள் இறங்குவதில்லை. மூடிய கூட்டின் மேல் உட்காருகிறார். மேலிருந்து அடிவரை செல்லும் துளைகள் வழியே நீர் வடிந்துவிடும். உள்ளமர் கயாக் குளிர்நாட்டுக்கு ஏற்றது, இடுப்புக்குக் கீழே நனையாமல் காக்கும். நம் வெப்பத்தில் அந்த நன்மைக்குப் பயனில்லை. அது கவிழ்ந்தால் நீர் நிரம்பி, தனியாள் மீண்டும் ஏற முடியாத நிலை வரும். முதல் கயாக் மேலமர் வகையாகவே இருக்க வேண்டும் என்பதில் இரண்டாம் யோசனை தேவையில்லை.

அளவும் வடிவும்

நீளம் வேகத்தையும் நேர்போக்கையும் தரும், அகலம் நிலைப்பைத் தரும். ஏரிக்கும் வீடூர் போன்ற நடுத்தர அணைக்கும் 10 அடி நீளமும் 30 முதல் 34 அங்குல அகலமும் உள்ள கலம் பொருந்தும். சாத்தனூரின் அகன்ற நீர்ப்பரப்பிலோ சுண்ணாம்பாற்றிலோ அடிக்கடி போகிறவருக்கு 12 அடி நல்லது, அது காற்றில் குறைவாக அலையும். ஆனால் 12 அடிக் கலம் 30 கிலோவுக்கு மேல் கனக்கும். சாலையிலிருந்து ஏரிக்கரை ஏறி, மறுபக்கக் கல்சரிவில் தனியாக இறக்க வேண்டியவர் இந்த எடையைக் கடையிலேயே தூக்கிப் பார்க்க வேண்டும்.

சுமைத் திறனாகத் தயாரிப்பாளர் போடும் எண் படகு மூழ்காத எல்லை, நன்றாக ஓடும் எல்லை அன்று. அதில் மூன்றில் இரண்டு பங்கை உண்மையான சுமையாகக் கொள்ளலாம். 75 கிலோ ஆள், தூண்டிலும் நங்கூரமும் தண்ணீரும் 15 கிலோ, கிடைக்கப்போகும் மீன் 10 கிலோ என 100 கிலோ வந்தால், 150 கிலோ எண் போட்ட கலம் தேவை. சுமை கூடினால் வடிதுளை வழியே நீர் கீழிருந்து மேலேறி, இருக்கை நாள் முழுக்க நனைந்திருக்கும்.

தட்டையான அடி அமைதியான நீரில் அசையாது. விராலுக்குத் தவளை இரை வீசும்போது அந்த உறுதி பிடிக்கும். ஆனால் பக்கவாட்டு அலையில் அது திடீரென்று கவிழக்கூடும். சற்றே கூம்பிய அடி முதலில் ஆடும், சாய்ந்த பிறகு தாங்கிக்கொள்ளும். ஏரிக்கு முன்னது, கழிமுகத்துக்குப் பின்னது. உயர்ந்த சட்ட இருக்கை முதுகுக்குச் சுகம் என்றாலும் எடை மையத்தை உயர்த்துகிறது. புதியவர் தாழ்த்திப் பொருத்தும் வசதி உள்ளதா என்று கேட்க வேண்டும்.

முள், பாசி, வெயில்

இவ்வட்டார ஏரிகளின் உட்பகுதியில் கருவேலமும் சீமைக் கருவேலமும் அடர்ந்திருக்கும். நீர் ஏறியதும் முள்கிளைகளும் வெட்டிய அடிக்கட்டைகளும் மூழ்கிக் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும். காற்றடைக்கும் கயாக் மடித்து எடுத்துப் போக வசதியானது, விலையும் குறைவு. ஆயினும் கருவேல முள் முன் அதன் தோல் நிற்காது. நகரத்து அடுக்ககத்தில் வாழ்ந்து சுண்ணாம்பாற்றில் மட்டும் ஓட்டுகிறவருக்கு அது போதும், சீயமங்கலத்துக்காரருக்குப் போதாது. கெட்டியான பாலி எத்திலீன் கூடு முள்ளைப் பொருட்படுத்தாது. அந்தப் பொருள் தண்ணீரைவிட இலேசானது என்பதால் கூட்டுக்குள் நீர் புகுந்தாலும் கலம் அடியில் போய்விடாது.

காலால் மிதித்து ஓட்டும் வகையை 1997-இல் ஹோபி நிறுவனம் துடுப்புச் சிறகுகளோடு கொண்டுவந்தது. பிறகு விசிறி பொருத்தியவையும் வந்தன. கை இரண்டும் தூண்டிலுக்கு விடுபடுவது பெரிய வசதிதான். அணையின் திறந்த நீரில் அது சிறக்கும். ஆனால் ஆகாயத்தாமரையும் வேலம்பாசியும் தாமரைக் கொடியும் மண்டிய ஏரியில் விசிறி சுற்றிக்கொண்டு நின்றுவிடும். ஆழமற்ற இடத்தில் கட்டையில் இடிக்கும். விலையும் பல மடங்கு. முதல் கலத்துக்குத் துடுப்பே போதும். அகன்ற கயாக்குக்கு 230 முதல் 250 சென்டிமீட்டர் நீளத் துடுப்பு வேண்டும், குட்டையானது முழங்காலில் தட்டும்.

கரையில் கிடத்தும்போது நிழல் அவசியம். நம் வெயில் இரண்டு மூன்று கோடைகளில் பிளாஸ்டிக்கை வெளிறவைத்து நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவரும். மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில், அகன்ற பட்டைக் கயிற்றில் பக்கவாட்டில் தொங்கவிட்டால் வடிவம் கெடாது.

ஆபத்து இருக்கும் இடங்கள்

ஏரி அமைதியானது என்னும் நம்பிக்கைதான் முதல் ஆபத்து. மதகு திறந்திருக்கும்போது அதன் வாயருகே உள்ளிழுப்பு உண்டு, அந்தப் பக்கமே போகக் கூடாது. கோடி போகும் ஏரியில் கலங்கலின் மேல் வழியும் நீர் முழங்காலளவே இருந்தாலும் அடியில் விழுந்த நீர் திரும்பத் திரும்ப உள்ளே சுருட்டும். அதில் சிக்கிய கயாக்கும் ஆளும் வெளிவருவது அரிது. வண்டல் அள்ளிய பள்ளங்கள் இடுப்பளவு நீருக்கு நடுவே இரண்டாள் ஆழமாக இருக்கும், இறங்கி நடந்து படகைத் தள்ளலாம் என்று நினைப்பவர் இதை மறக்கக் கூடாது.

காற்றையும் கணக்கிட வேண்டும். இப்பகுதியில் நிலம் பெரும்பாலும் கிழக்கு நோக்கிச் சரிவதால் ஏரிக்கரை கிழக்கிலும் முள்காடு நிறைந்த உள்வாய் மேற்கிலும் அமையும். ஏரி நிரம்பியிருக்கும் கார்த்திகை, மார்கழியில் வீசும் வாடைக் காற்று கரையருகே படகேறியவரை உள்வாய்க்குத் தள்ளிக்கொண்டு போகும். திரும்பும் வழி எதிர்காற்று. கை வலிமையில் பாதி இருக்கும்போதே திரும்புவது முறை.

ஆற்றில் மழைக்காலத்தில் இறங்கவே கூடாது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிடப்பட்டது. இத்தகைய வெள்ளம் வடிந்த பிறகும் ஆற்றின் அடி மாறியிருக்கும், பழைய தடத்தை நம்ப முடியாது.

உயிர்காப்பு அங்கி, ஊதல், துடுப்பைப் படகோடு பிணைக்கும் கயிறு, சிக்கிய நைலான் நூலை அறுக்கக் கத்தி ஆகியவை கயாக்கின் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டியவை. நங்கூரத்தை ஓடும் நீரில் பக்கவாட்டில் கட்டினால் படகு கவிழும், முன்முனையிலோ பின்முனையிலோதான் கட்ட வேண்டும். வாங்கிய முதல் வாரத்தில் தூண்டிலே எடுக்காமல், மார்பளவு நீரில் வேண்டுமென்றே கவிழ்த்து, வயிற்றால் ஏறிப் புரண்டு அமரப் பழகுவது தேவை. துணைக்கு ஒருவர் கரையில் இருக்கட்டும்.

உரிமை

ஏரி மீன் பொதுச் சொத்து என்று பலர் கருதுகிறார்கள். பெரும்பாலான ஏரிகளில் மீன்பிடி உரிமை ஆண்டுதோறும் ஏலத்தில் குத்தகைக்கு விடப்படுகிறது. கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளைக் குத்தகைதாரர் தம் பணத்தில் விட்டு வளர்க்கிறார். அவரிடம் கேட்காமல் பிடிப்பது அவருடைய உழைப்பை எடுப்பதாகும். ஜிலேபியும் கெளுத்தியும் விராலும் தூண்டிலில் பிடித்துக்கொள்ளச் சிலர் தாராளமாகச் சம்மதிப்பார்கள். சாத்தனூர் போன்ற அணைகளில் 1974-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்தின் அனுமதி தேவை. அணையில் படகு இறக்க நீர்வளத் துறையையும் கேட்க வேண்டும். கடற்கரைக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்துக்குச் சொல்லிவிட்டு இறங்குவது வழக்கம். அன்றைய நீரோட்டத்தையும் காற்றையும் வலை விரித்திருக்கும் இடத்தையும் அங்குள்ளவர்களே சொல்லிவிடுவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடை விசைப்படகுகளுக்கானது, துடுப்புக் கலத்துக்கு அது பொருந்தாது.