கப்பற் கல்விப் பிரயாணம்

மேனாட்டுச் சர்வகலாசாலைகளில் உயர்கல்வி பெறும்பொருட்டுத் தமிழ்நாட்டு வித்தியார்த்திகள் நீராவிக் கப்பலில் மேற்கொண்ட மூன்று, நான்கு வார யாத்திரையும், அந்நாட்களில் கப்பலின்மீது அவர்கள் நடத்திய வாழ்க்கையும் இத்தலைப்பில் அடங்கும். 1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறக்கப்பெற்று, ஆப்பிரிக்காவைச் சுற்றிச் செல்லும் நெடுவழி ஒழிந்த பின்னரே, உதவிச் சம்பளம் பெற்ற நடுத்தரக் குடும்பத்து இளைஞர்க்கும் இது கைகூடும் காரியமாயிற்று. எனினும், கடல் கடந்தால் ஆசாரம் கெடும் என்னும் அச்சமும், மீண்டு வருவோர் பிராயச்சித்தம் செய்துகொள்ள வேண்டும் என்னும் நிர்ப்பந்தமும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பல குடும்பங்களைவிட்டு நீங்கவில்லை.

துறைமுகம் சேர்வதே ஒரு யாத்திரையாயிருந்ததற்குத் தக்கலை ஓர் எடுத்துக்காட்டு. கல்குளம் தாலுகாவின் தலைமையிடமாகிய அவ்வூருக்குக் கடல் தூரமன்று. 1741-இல் மார்த்தாண்டவர்மர் டச்சுக்காரரை முறியடித்த குளச்சல் அண்மையிலேயே இருக்கிறது. ஆயினும், ஐரோப்பாவுக்குச் செல்லும் பெருங்கப்பல்கள் நிற்கத்தக்க துறைமுகம் அங்கே அமையவில்லையாதலால், அந்நாளில் திருவிதாங்கூர்ப் பிரஜையாயிருந்த இவ்வூர் மாணவர், ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து திருநெல்வேலி சேர்ந்து, ரயிலேறித் தூத்துக்குடியையும், அங்கிருந்து சிறு கப்பலில் கொழும்பையும் அடைந்து, அங்கே பெருங்கப்பலைப் பிடிப்பதே இயல்பான மார்க்கமாயிருந்தது. நாஞ்சில் நாட்டைப் பூர்விகமாகக் கொண்டு திருவனந்தபுரத்திற் பிறந்த செண்பகராமன் பிள்ளை (1891–1934), ஐரோப்பாவுக்குச் சென்று சூரிச் நகரில் பொறியியல் பயின்றது இக்காலத்திலேயாகும்.

முதல் நாட்களின் கஷ்டங்களில் தலையானது கடற்பிணி, அடுத்தது ஆகாரம். 1888 செப்டம்பர் 4 அன்று பம்பாயில் ‘கிளைடு’ கப்பலேறிய காந்தி, கத்தியும் முள்ளும் பிடிக்கத் தெரியாமலும், எந்தப் பதார்த்தத்தில் மாமிசம் கலந்திருக்கிறதென்று கேட்கக் கூசியும், வீட்டிலிருந்து கொண்டுபோன பட்சணங்களையும் பழங்களையும் தம் அறைக்குள்ளேயே உண்டு நாட்களைக் கழித்தார். கணித மேதை இராமாநுஜனை வருத்தியதோ கடற்பிணி. சென்னைச் சர்வகலாசாலை ஆண்டுக்கு 250 பவுன் உதவிச் சம்பளம் வழங்க, தாயையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டு, குடுமியைக் களைந்து, பழகாத மேனாட்டு உடையணிந்து, 1914 மார்ச் 17 அன்று சென்னைத் துறைமுகத்தில் ‘நெவாசா’ என்னும் கப்பலில் ஏறிய அவர், தொடக்கத்தில் கடற்பிணியால் வருந்திப் பின்னர்த் தேறி, ஏப்ரல் 14 அன்று லண்டன் சேர்ந்தார். அங்கே அவரை எதிர்கொண்டவர் நெவில் என்னும் கேம்பிரிட்ஜ் ஆசிரியர். இருபத்தெட்டு நாட்கள் ஒருவரை வேறொரு வாழ்க்கைக்குப் பழக்கப் போதுமானவையல்ல. ஆனால் அதற்குச் சித்தப்படுத்தக் கூடியவை.

உடல் தேறிய பின் தினசரி வாழ்க்கை ஓர் ஒழுங்குக்கு வரும். காலையுணவுக்கு மணியடிக்கும், பிறகு மேல்தளத்துச் சாய்வு நாற்காலி, புத்தகம், வளையமெறியும் விளையாட்டு. நடுப்பகலில், முந்தைய நாள் முதல் கப்பல் ஓடிய தூரம் பலகையில் எழுதப்படும். எத்தனை மைலென்று பந்தயம் கட்டியோர் அதைச் சுற்றிக் கூடுவர். மேற்கே செல்லச் செல்லக் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிவைக்க வேண்டியிருந்ததால், பொழுது போகாமல் தவித்தவர்களுக்குப் பொழுது இன்னும் நீண்டது! செங்கடலின் புழுக்கத்தில் அறையில் உறங்கமாட்டாமல் மேல்தளத்திற் படுத்தவர்கள், போர்ட் சையிதைக் கடந்ததும் கம்பளி உடைகளைத் தேடுவர். உணவு மேசையில் உட்காரும் முறையையும், அந்நியரோடு ஆங்கிலத்திற் பேசும் துணிவையும் பலர் இக்கப்பல்களிலேயே முதன்முதலாகக் கற்றனர்.

இந்த நெடிய ஓய்வு வீண்போகவில்லை என்பதற்கு ஒரு சான்று போதும். 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் ‘பில்ஸ்னா’ என்னும் இத்தாலியக் கப்பலேறிய சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் சுப்பிரமணியன் சந்திரசேகர், பருவமழைக் கொந்தளிப்பு அடங்கிய பின்னர்க் கணக்கிடத் தொடங்கி, வெண்குறு விண்மீனின் நிறைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டென்னும் முடிவை அக்கடற்பரப்பிலேயே கண்டார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. 1931-இல் வெளியிட்ட கட்டுரையில் அவ்வரம்பு சூரிய நிறையில் 0.91 மடங்காயிருந்தது, பின்னர் ஏறத்தாழ 1.4 எனத் திருந்திற்று. நோபெல் பரிசு 1983-இல் வந்தது. சர்வகலாசாலை ஆராய்ச்சிக்கூடங்கள் பல தராததை ஒரு சாய்வு நாற்காலி தந்ததென்றால் மிகையாகாது.

கப்பலையே கல்லூரியாக்கும் முயற்சி வேறொரு கிளை. 1926-இல் ‘ரிண்டாம்’ என்னும் டச்சுக் கப்பல் சுமார் 500 அமெரிக்க மாணவரோடு உலகைச் சுற்றிற்று. இராமாநுஜனைச் சுமந்த கப்பலின் பெயரையே தாங்கிய மற்றொரு ‘நெவாசா’, 1965 முதல் பிரிட்டிஷ் பள்ளி மாணவருக்கான கல்விக் கப்பலாயிருந்தது. ஹாங்காங் செல்வர் ஒருவர் ‘குயின் எலிசபெத்’ கப்பலை வாங்கி மிதக்கும் சர்வகலாசாலையாக மாற்ற முனைந்தபோது, 1972 ஜனவரியில் அது தீக்கிரையாயிற்று. இவ்வகை அமெரிக்கக் கப்பல்கள் பிற்காலத்தில் சென்னைக்கும் கொச்சிக்கும் வந்து சென்றதுண்டு.

ஜெட் விமானங்கள் பெருகியதும், 1967-இல் சூயஸ் கால்வாய் மூடப்பட்டு எட்டு ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்ததும் வித்தியார்த்திகளின் கப்பல் யாத்திரைக்கு முடிவு கட்டின. தக்கலைக்கு அண்மையிலுள்ள இரணியலுக்கு ரயில் வந்தது 1979-இல். அதிலேறிக் கல்விக்காகக் கப்பல் துறைக்குப் போகவேண்டிய அவசியம் அதற்குள் தீர்ந்துவிட்டிருந்தது.