எண்கோண அங்காடி

அங்காடி என்னும் சொல் தமிழர்க்குப் புதியதன்று. புகார் நகரின் நாளங்காடியைச் சிலப்பதிகாரம் பேசும். மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி காட்டும். ஆயினும், வகுப்பறையில் இவற்றைக் கற்கும் மாணாக்கர்க்கு அங்காடி என்பது நூலில் உறையும் சொல்லாகவே நின்றுவிடுகிறது. குளிரூட்டிய கூடத்தில், உறையிட்ட மீனையும் விலைச்சீட்டு ஒட்டிய கீரையையும் கண்டு வளரும் பிள்ளைகள் அவர்கள். ஒரு நகரம் சந்தையைச் சுற்றி எழுந்த கதையை அவர்கள் கண்ணாரக் காண்பதற்குச் சிங்கப்பூரில் ஓர் இடம் உண்டு. அதுவே லாவ் பா சாட் என மக்கள் வழங்கும் தெலுக் ஆயர் சந்தை.

பெயரிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். மலாய் மொழியில் ‘தெலுக்’ என்பது குடா. ‘ஆயர்’ என்பது நீர். ஹொக்கியன் மொழியில் ‘லாவ்’ என்றால் பழைய என்று பொருள். ‘பா சாட்’ என்பதோ, ‘பாசார்’ என்னும் மலாய்ச் சொல் சீனர் நாவில் திரிந்த வடிவம். அந்தப் பாசாரும் பாரசீகத்திலிருந்து வந்ததே. தமிழர் வழங்கும் ‘பஜார்’ அதே வேரிலிருந்து கிளைத்த மற்றொரு சொல். சரக்கு ஏறிய கப்பல்களில் சொற்களும் ஏறி வந்தன என்பதற்கு இதைவிட எளிய சான்று பிள்ளைகளுக்கு வேண்டுவதில்லை.

சந்தைக்கு நேரே செல்வதைவிட, தெலுக் ஆயர் தெருவிலிருந்து நடந்து செல்வதே நன்று. அத்தெருவும் பூன் டாட் தெருவும் கூடும் முனையில் நாகூர் தர்கா நிற்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள், நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக 1828க்கும் 1830க்கும் இடையில் எழுப்பிய கட்டடம் அது. அதே தெருவில் 1842இல் கட்டி முடிக்கப்பட்ட தியான் ஹொக் கெங் சீனக் கோயிலும் உள்ளது. கடல் கடந்து கரையேறியவர்கள் தத்தம் நன்றியைச் செலுத்திய இடங்கள் இவை. “இங்கே கடல் எங்கே?” என்று பிள்ளைகள் வினவுவர். அவ்வினா எழவேண்டும் என்பதற்காகவே அங்கு நிற்க வேண்டும். அக்காலத்தில் அத்தெருவே கடற்கரை. அங்கிருந்து பூன் டாட் தெரு வழியே சந்தைக்கு நடக்கும் சில நிமிட நேரமும், அவர்கள் பழைய கடலின் மேல் நடக்கிறார்கள்.

முதற் சந்தை 1820களில் அக்கரையோரம் மரத்தால் அமைக்கப்பட்டது. அதன் ஒரு பகுதி நீரின் மேல் நின்றது. பின்னர், கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கோல்மன் அதனை எண்கோண வடிவில் புதிதாக அமைத்தார். அது 1838இல் நிறைவெய்தியது. 1879இல் குடாவைத் தூர்க்கும் பணி தொடங்கவே, கடல் விலகிற்று. கடலை நம்பி நின்ற சந்தையும் இடிக்கப்பட்டது. தூர்த்த நிலத்தில் 1894இல் எழுந்ததே இன்றுள்ள சந்தை. அதனை வரைந்தவர் நகராண்மைப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிச்சி. நீர்த்தேக்கத்தின் பெயரால் பிள்ளைகள் முன்னரே அறிந்தவர் அவர். கோல்மனின் எண்கோணத்தை அவர் கைவிடவில்லை. அதனையே வார்ப்பிரும்பில் அமைத்து, நடுவே மணிக்கூண்டையும் எழுப்பினார்.

அத்தூண்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வார்க்கப்பட்டுக் கப்பலில் வந்தவை. துண்டு துண்டாக வார்த்து, வந்த இடத்தில் பொருத்துவதே அக்கால இரும்புக் கட்டட முறை. மழையும் வெயிலும் மிகுந்த நாட்டில், சுவரின்றிக் காற்றோடும் அகன்ற கூரைக்கு இம்முறை பெரிதும் பொருந்திற்று. அதன் பயன் ஒரு நூற்றாண்டு கழித்து மற்றொரு வகையில் வெளிப்பட்டது. 1986இல் பெருவிரைவு ரயிலின் சுரங்கப் பணிக்காகச் சந்தை கழற்றப்பட்டது. ஏறத்தாழ 3,000 துண்டுகள் பாதுகாக்கப்பட்டு, பணி முடிந்தபின் அதே இடத்தில் மீண்டும் பொருத்தப்பட்டன. செங்கல்லால் கட்டியிருந்தால் இது இயன்றிருக்குமா என்று பிள்ளைகள் எண்ணிப் பார்க்கட்டும்.

ஈண்டு ஒரு கடினமான வினாவும் எழும். “பழைய சந்தை என்கிறீர்கள், மீன் விற்போர் எங்கே?” என்று ஒரு பிள்ளை கேட்டால் ஆசிரியர் மழுப்பலாகாது. 1973இல் இக்கட்டடம் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதே காலப்பகுதியில் மீனும் காய்கறியும் விற்ற சந்தை உணவங்காடியாக மாறிற்று. சட்டம் காத்தது கூரையையும் தூண்களையுமே. அவற்றின்கீழ் நடந்த தொழிலை அன்று. தராசும், ஈரத் தரையும், விடியலில் எழுந்த பேரமும் போயின. எனினும் போனது முழுவதும் இழப்பு எனல் பொருந்தாது. தெருவோரங்களில் உணவு விற்று வந்தோர் இத்தகைய கூரைகளின்கீழ்க் குடியேறி ஒரு பண்பாட்டை வளர்த்தனர். 2020இல் யுனெஸ்கோ அதனை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

அங்ஙனமாயின் இச்சந்தையில் பழையது எது? கட்டடம் முதலிலிருந்தது அன்று. நிற்கும் நிலமும் அன்று. விற்கும் பொருளும் அன்று. பெயரும் எட்டுப் பக்கங்களும், மக்கள் கூடிக் கொள்வதும் கொடுப்பதுமாகிய செயலுமே தொடர்ந்து வந்துள்ளன. வரலாறு என்பது மாறாது நிற்பதன்று. மாறியவற்றுள் தொடர்ந்து வந்ததைத் தேடிக் காண்பதே என்பதை, நூறு பக்கம் படிப்பதைவிட அத்தூண்களைத் தொட்டுப் பார்க்கும் ஒரு பொழுது நன்கு உணர்த்தும்.

மாலை மயங்கியதும் பூன் டாட் தெருவில் வண்டிப் போக்கு நிற்கும்; சாத்தே அடுப்புகள் புகையத் தொடங்கும். அவ்வேளையில் பிள்ளைகளை அங்கே அமர்த்தி, அல்லங்காடி என்னும் சொல்லை மீண்டும் ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம். நூலிலிருந்து அச்சொல் எழுந்துவந்து அவர்களுடன் அமரும்.