ட்ரைப் வரைந்த மேகங்கள்

வெயிலுக்கு எதிராக நின்று அவிநாசிக் கோயில் ராஜகோபுரத்தைப் படம் எடுத்துப் பாருங்கள். வானத்துக்கு அளவு வைத்தால் கோபுரம் கரிக்கட்டை. சுதைச் சிற்பங்களுக்கு அளவு வைத்தால் வானம் வெள்ளை வேட்டி. ரெண்டையும் கண்ணு ஒரே நேரத்துல பாக்குது, கேமரா பாக்க மாட்டேங்குது. எச்.டி.ஆர். இதற்கான மருந்துதான்: ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவுகளில் சில முறை எடுத்து ஒன்றாகச் சேர்ப்பது.

வியாதி மட்டும் ரொம்பப் பழசு. லினியஸ் ட்ரைப் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. விடுப்பில் இங்கிலாந்து போனபோது போட்டோகிராபி கற்றுக்கொண்டவர். தொழில்காரர் இல்லை, நம்மைப் போல ஆர்வக்கோளாறு. 1854 டிசம்பரில் ஹளேபீடு, பேலூர் கோயில்களை எடுத்தார். 1855-ல் தூதுக்குழுவோடு பர்மா போய் இருநூறுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களோடு திரும்பினார். அதன்பிறகே சென்னை அரசாங்கம் அவரைத் தன் போட்டோகிராபர் ஆக்கியது. 1857 டிசம்பரில் தொடங்கிய பயணத்தில் ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எல்லாம் அவர் கேமராவுக்குள் வந்தன. 1858-ல் தொகுதிகள் வெளியாயின. அவற்றின் தலைப்புகளில் கோயம்புத்தூர்ப் பக்கம் இல்லை, அவிநாசியும் இல்லை.

அன்றைய ரசாயனங்களுக்கு நீலமும் ஊதாவும்தான் தெரியும். சிவப்பு மண்ணும் பச்சை இலையும் கறுத்துப்போகும், நீல வானம் எரிந்து வெளுத்துப்போகும். ட்ரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவின் மேல் சாயம் பூசினார். நெகட்டிவில் சாயம் பட்ட இடத்தில் வெளிச்சம் தடைபடும், பிரிண்டில் அந்த இடம் வெள்ளையாக விழும். அப்படித் தூரிகையால் மேகம் வரைந்தார், இலைகளையும் திருத்தினார். அதே காலத்தில் பிரான்சில் குஸ்தாவ் லெ க்ரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு இன்னொன்று என்று எடுத்து, தொடுவானத்தில் ஒட்டவைத்தார். எச்.டி.ஆரின் தாத்தா என்று அவரைத் தாராளமாகச் சொல்லலாம்.

பேரன் பிறந்தது 1997-ல். பால் டெபெவெக்கும், நம் மதுராவில் பிறந்த ஜிதேந்திர மாலிக்கும் அந்த ஆண்டு ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். பல அளவுகளில் எடுத்த படங்களிலிருந்து, காட்சியில் உண்மையில் இருந்த வெளிச்சத்தைக் கணக்குப் போட்டு மீட்கிற வழி அது. கவனியுங்கள், அழகாக்குவது அவர்கள் நோக்கமே இல்லை, அளப்பதுதான். அளந்ததைத் திரைக்குள் அடக்க நசுக்குகிறோமே, அங்கேதான் கூத்து. பனைமரத்தைச் சுற்றி ஒளிவட்டம், வேலிக்கருவேலங்காடு மரகதத் தோட்டம். இப்போது போனே கேட்காமல் நாலைந்து ஃபிரேமை ஒட்டித் தந்துவிடுகிறது.

தஞ்சைப் பெரிய கோயிலில் ட்ரைப் செய்த ஒரு வேலையை இங்கே சொல்ல வேண்டும். விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்டுகளைச் சேர்த்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒட்டினார். அதில் வானமே இல்லை, வெறும் கல். மேகம் வரைய இடமில்லாத அந்தப் படம்தான் எனக்கு அவருடைய ஆகச்சிறந்த படம். 1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெலியனுக்கு இதெல்லாம் ஆடம்பரச் செலவாகத் தெரிந்தது. 1860-க்குள் கடையைச் சாத்திவிட்டார்கள்.

எங்கள் பக்கத்து நிலத்தைப் பதிவு செய்யச் சம்பளம் வாங்கிக்கொண்டு யாரும் வரப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரைபாடோடு கிளம்புகிற பசங்கதான் அதைச் செய்கிறார்கள். அதனால்தான் நிறத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறேன். இங்கே தண்ணியோட நிறம் சாட்சிங்க. நொய்யல் சாயக்கழிவு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஊர் இது. நல்லாற்றுத் தண்ணீர் சேரும் நஞ்சராயன் குளம் 2024-ல் ராம்சார் பட்டியலுக்குப் போனது. அந்தக் குளத்தை மென்பொருளில் நீலமாக்கிப் போட்டால் லைக் வரும். பாசி எந்த மாதம் படர்ந்தது, நுரை எந்தக் கரையில் ஒதுங்கியது என்று இருபது வருஷம் கழித்துக் கேட்பவருக்கு அந்தப் படத்தில் பதில் இருக்காது.

நானும் மூன்று ஃபிரேம் எடுத்துச் சேர்க்கிறவன்தான். கரையில் நிற்கும் மரமும் மேற்கு வானமும் ஒரே படத்தில் வர வேற வழியில்லை. ஆனால் நடு ஃபிரேமை மட்டும் தொடாமல், தேதி போட்டுத் தனி ஃபோல்டரில் வைக்கிறேன். பார்க்க நல்லாவே இருக்காது. வானம் வெளுத்து, கரை இருண்டு, தண்ணி மட்டும் அன்னைக்கி இருந்த பழுப்புல.