நாலு மணி நேர இறால்

எங்க அக்கா பையன் அமெரிக்காவுல சியாட்டில் பக்கம் இருக்கான். கம்ப்யூட்டர் வேலை. போன மே மாசம் ஒரு நாள் ராத்திரி போன் பண்ணினான். அங்க அப்போ பகல். "மாமா, இறால் பிடிக்கப் போனேன். நாலே மணி நேரம்தான். காலையில ஒன்பதுக்குக் கூண்டு உள்ள போகணும், மதியம் ஒரு மணிக்கு வெளிய வந்துரணும். ஒரு நிமிஷம் தாண்டினாலும் அபராதம்"னான்.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. கடல்ல கிடக்கிற இறாலுக்கு ஆபீஸ் டயமா? யாருடா நேரம் வச்சதுன்னு கேட்டேன். "அரசாங்கம்தான் மாமா. ஆனா மீன் பிடிக்கிற ஜனங்களையும் கேட்டுத்தான் வைக்கிறாங்க. பாதி இறால் செவ்விந்தியங்களுக்கு" என்றான். அந்தக் கடைசி வாக்கியம் எனக்குள்ளேயே சுத்திக்கிட்டு இருந்தது. அறுப்பு முடிஞ்ச சோம்பல் நாட்கள். உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதைத்தான் இங்கே எழுதுறேன். நம்ம கண்மாய்க் கதையும் நடுவுல வரும், பொறுத்துக்கங்க.

அவன் போன இடத்தின் பேர் ஹூட் கால்வாய். பேர்தான் கால்வாய், மனுசன் வெட்டினது இல்லை. பனிப்பாறை அறுத்துக்கொண்டு போன பள்ளத்தில் கடல் புகுந்து நிற்கிறது. சுமார் 100 கிலோமீட்டர் நீளம், ஒடுக்கம், ஆழம். வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிற பியூஜெட் சவுண்ட் என்கிற உள்கடலின் மேற்குக் கை அது. 1792-ல் கப்பலில் வந்த ஜார்ஜ் வான்கூவர், இங்கிலாந்துக் கடற்படைப் பிரபு ஒருவர் பேரை இதற்கு வைத்துவிட்டுப் போனார். அதற்கு முன்னாடி அதற்குப் பேரே இல்லாத மாதிரி! கரையெல்லாம் ட்வானா மொழி பேசுகிற மக்கள் இருந்தார்கள். இன்றைக்கு அவர்கள் வம்சம் ஸ்கோகோமிஷ் பழங்குடி என்ற பேரில், அதே பேருள்ள ஆறு கால்வாயில் விழுகிற இடத்தில் இருக்கிறது.

இறாலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏன்னா எல்லாச் சட்டமும் அதோட உடம்புக்குள்ளே இருக்கிறது. அங்கே கிடைக்கிற பெரிய இறாலுக்கு ஸ்பாட் இறால் என்று பேர். உடம்பில் வெள்ளைப் புள்ளி. வளர்ந்தது ஒரு சாண் நீளம் வரும். 200, 300 அடி ஆழத்தில் கிடக்கும். அது பிறந்து முதல் இரண்டு மூன்று வருடம் ஆணாக இருந்துவிட்டு, அப்புறம் பெண்ணாக மாறிவிடும். ஆக, கூண்டில் விழுகிற பெரிய இறால் எல்லாம் பெரும்பாலும் பெண்தான். இலையுதிர் காலத்தில் முட்டையை வயிற்றுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு குளிர் முழுக்கச் சுமந்து திரியும். வசந்தத்தில்தான் பொரிக்கும். அதனால் பருவம் மே மாசத்தை ஒட்டித் திறக்கிறது. நம்ம ஊரில் சினை ஆட்டை வெட்டமாட்டோம், அதே நியாயம்தான்.

இப்ப அந்த "பாதி" கதைக்கு வருகிறேன்.

1855 ஜனவரி 26. பாயிண்ட் நோ பாயிண்ட் என்று ஒரு கடல்முனை. அங்கே ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ் ஸ்கோகோமிஷ், ஸ்கலாலம், சிமகம் மக்களைக் கூட்டி வைத்து ஒப்பந்தம் போட்டார். நிலத்தை அரசாங்கத்துக்கு விட்டுவிட வேண்டும், பதிலுக்குக் கொஞ்சம் பணம், ஒரு சின்ன ஒதுக்கு நிலம். மீன் பிடிக்கிற உரிமை மட்டும், வழக்கமாகப் பிடிக்கிற இடங்களில், மற்றக் குடிமக்களோடு சேர்ந்து, அவர்களுக்கு இருக்கும். இதை அவர்கள் தாய்மொழியில் விளக்கவில்லை. வியாபாரத்துக்காக உண்டான சினூக் கலப்புப் பேச்சில், சில நூறு சொற்களே உள்ள பேச்சில், விளக்கினார்கள். சில நூறு சொற்களை வைத்துக்கொண்டு வாழைத்தார் விலை பேசலாம். ஒரு இனத்தின் நிலத்தை எழுதி வாங்க முடியுமா? முதல் நாள் ஒரு ஸ்கோகோமிஷ் பெரியவர் எழுந்து, நிலத்தை விற்றுவிட்டால் சாப்பாட்டுக்கு எங்கே போவது என்று தயங்கியது அந்தக் கூட்டத்தின் பதிவிலேயே இருக்கிறது. மறுநாள் கைநாட்டு வாங்கியாச்சு.

"சேர்ந்து" என்ற அந்த ஒரு சொல்லின் மேல் 120 வருடம் சண்டை நடந்தது. மாநில அரசு அதற்குச் சொன்ன அர்த்தம்: உனக்கும் மற்றவன் மாதிரிதான், நாங்கள் போடுகிற பருவம், நாங்கள் கொடுக்கிற லைசென்ஸ். ஆறுகளில் வலை போட்ட பழங்குடிகளைப் பிடித்து உள்ளே போட்டார்கள். நிஸ்குவாலி இனத்தைச் சேர்ந்த பில்லி ஃபிராங்க் என்பவரை முதல் தடவை கைது பண்ணும்போது வயது 14. வருடம் 1945. அப்புறம் 50 தடவைக்கு மேல் கைதாகியிருக்கிறார். அவர் இறந்த பிறகு 2015-ல் அமெரிக்காவின் உயர்ந்த குடிமகன் பதக்கத்தைக் கொடுத்தார்கள். இது எங்கேயும் உள்ளதுதான்.

1974 பிப்ரவரியில் ஜார்ஜ் போல்ட் என்ற நீதிபதி தீர்ப்புச் சொன்னார். ஒப்பந்தம் எழுதின காலத்தில் அந்தச் சொற்களுக்கு என்ன அர்த்தம் இருந்திருக்கும் என்று பார்க்க 1828-ல் வந்த பழைய அகராதியைப் புரட்டினார். "சேர்ந்து" என்றால் சம பங்கு. பிடிக்கக்கூடிய மீனில் பாதி பழங்குடிகளுக்கு. அவரைப் போல பொம்மை செய்து தூக்கில் தொங்கவிட்டார்கள் வெள்ளைக்கார மீன்பிடிக்காரர்கள். 1979-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பைப் பெரும்பாலும் அப்படியே உறுதி செய்தது.

ஆனால் அது சால்மன் மீனுக்கான வழக்கு. சிப்பி, நண்டு, இறால் என்ன ஆகும்? அதற்கு இன்னும் 20 வருடம் ஆச்சு. மாநில அரசின் வாதம் சாமர்த்தியமானது: 1855-ல் உங்கள் பாட்டன் பூட்டன் 300 அடி ஆழத்தில் இறால் பிடிச்சானா? பிடிக்கலையே, அப்ப அதில் உரிமை கிடையாது. எட்வர்ட் ரஃபீடி என்ற நீதிபதி 1994 டிசம்பரில் இதை ஏற்கவில்லை. ஒப்பந்தத்தில் அந்த மீன், இந்த மீன் என்று பிரித்து எழுதவில்லை, எனவே ஆழக்கடல் இனங்களும் சேர்த்தி என்றார். 1999-ல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. வழக்கு முடிந்தது.

இங்கேதான் நம்ம பையனின் நாலு மணி நேரம் பிறக்கிறது. இப்போது ஒவ்வொரு வருடமும் மாநில மீன்வளத் துறையும் பழங்குடிகளும் சமமாக உட்கார்ந்து, இந்த வருடம் எவ்வளவு இறால் எடுக்கலாம் என்று திட்டம் போடுகிறார்கள். பாதி பழங்குடிகளுடையது. அவர்கள் நாளை அவர்களே வைத்துக்கொள்கிறார்கள். மிச்சப் பாதி மாநிலத்தின் பங்கு. அதற்குள்தான் பொழுதுபோக்காக இறால் பிடிக்கிற ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வரவேண்டும். இவர்கள் மீனவர்கள் இல்லை. வாத்தியார், தச்சர், ரிட்டையர் ஆன கிளார்க், நம்ம பையன் மாதிரி கம்ப்யூட்டர்காரன். வருடத்துக்கு ஒரு தடவை படகை வெளியே எடுக்கிறவர்கள்.

கூட்டம் போட்டு இவர்களிடம் கருத்துக் கேட்கிறார்கள் என்றதும், ஏதோ சாப்பாட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டு இலையில தண்ணி தெளிச்சு அனுப்புற கதைன்னுதான் நினைச்சேன். அப்படி முழுசா சொல்லிவிட முடியாது. எவ்வளவு எடுக்கலாம் என்பதில் இவர்கள் பேச்சு பெரிதாக எடுபடாது. அது இறால் எண்ணிக்கையும் ஒப்பந்தமும் தீர்மானிக்கிறது. ஆனால் அந்தப் பங்கை எப்படிச் செலவழிப்பது என்பதில் இவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 80 ஸ்பாட் இறால் என்று வைத்து நாலைந்து நாள் மட்டும் திறப்பதா? இல்லை, 40 ஆக்கிவிட்டு இன்னும் சில நாள் கூட்டுவதா? சனிக்கிழமை வைத்தால் வேலைக்குப் போகிறவனுக்கு நல்லது, ஆனால் படகு இறக்குகிற துறையில் நெரிசல். புதன்கிழமை வைத்தால் ரிட்டையர் ஆனவருக்கு நல்லது, ஆபீஸ்காரன் லீவு போடணும்.

இதிலே நீரோட்டம் வேறு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டின நாட்களில் கடல் இழுப்பு கடுமையாக இருக்கும். கூண்டின் மஞ்சள் மிதவை தண்ணிக்குள்ளே முங்கிவிடும். கூண்டு நகர்ந்து ஆழத்துக்குப் போய்விடும். அட்டமி, நவமியை ஒட்டி ஓட்டம் மந்தம். நல்ல காரியத்துக்கு நாம் ஒதுக்குகிற நாள் அவர்களுக்கு நல்ல நாள்! எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு ஓட்டம் சாந்தமாகும் என்பது காகிதத்தில் அட்டவணையாக இருந்தாலும், எந்த வளைவில் மிதவை முங்கும் என்பது அங்கே 30 வருடம் கூண்டு போட்டவனுக்குத்தான் தெரியும். எங்க ஊர் நீர்ப்பாய்ச்சிக்கு எந்த மடை எப்போ அடைக்கும்னு தெரியிற மாதிரி.

திறந்த நாளில் துறை ஆட்கள் படகுத்துறையில் நின்று எத்தனை இறால் என்று கேட்டு எண்ணுகிறார்கள். விமானத்தில் பறந்து படகுகளை எண்ணுகிறார்கள். கணக்குப் பார்த்துப் பங்கு மிச்சமிருந்தால் இன்னொரு நாள் அறிவிப்பு வரும். படகுக்கு 4 கூண்டு. கூண்டு வலையின் ஒரு பக்கத்தைப் பருத்திக் கயிற்றால்தான் கட்டணும். கூண்டு தொலைந்து அடியில் கிடந்தால் கயிறு இற்றுப்போய் வாய் திறந்துகொள்ளும், இல்லையென்றால் அது வருடக் கணக்கில் யாருக்கும் இல்லாமல் கொன்றுகொண்டே இருக்கும். இந்தப் பருத்திக் கயிறு யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது. இரை என்ன தெரியுமா? டப்பாவில் வருகிற பூனைச் சாப்பாடு. பையன் சொன்னபோது நம்பவில்லை, விசாரிச்சா ஊரே அதைத்தான் போடுது.

இந்த ஏற்பாட்டில் எல்லாரும் திருப்தி என்று எழுதினால் பொய். வார இறுதி கிடைக்காதவர்களுக்குப் புகைச்சல், பழங்குடிகளுக்குப் பாதி எதற்கு என்று இன்னும் முணுமுணுக்கிறவர்கள் உண்டு. பழங்குடிகளுக்கு அதைவிடப் பெரிய கணக்கு இருக்கிறது. ஸ்கோகோமிஷ் ஆற்றின் வடக்குக் கிளையை டகோமா நகரம் 1920-களில் அணை கட்டி மின்சாரத்துக்குத் திருப்பிக்கொண்டது. அந்த வழக்கு சமரசமாக 2009 ஆச்சு. கால்வாயின் தென்கோடியில் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து 2003-லும் 2006-லும் மீன்கள் செத்து ஒதுங்கின. தண்ணியே செத்தால் பாதி என்ன, முழுசு என்ன.

எங்க ஊர்க் கதையைச் சொல்றேன்னேன். எங்க பக்கம் கண்மாயில் தண்ணி வத்தி, கடைசி மடை அடைச்ச பிறகுதான் மீன்பிடி. பெரியவங்க மந்தையில கூடித் தேதி வைப்பாங்க. கடைசித் தாக்கு வயலுக்குத் தண்ணி போயிருச்சான்னு கேட்பாங்க. அந்த வயல்காரன் "போதும்"னு சொல்லணும். அவன் சொல்லாம தேதி கிடையாது. அப்புறம் சுத்துப்பட்டிக்குத் தண்டோரா. அன்னைக்கு விடியறதுக்குள்ள ஊத்தா, கச்சா, கொசுவலை, சேலைன்னு கையில கிடைச்சதோட கரையில ஆயிரம் பேர் நிப்பாங்க. பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினதும் இறங்குறதுதான். விரால், கெளுத்தி, குரவை. அன்னைக்கு ஊரில் எந்த வீட்டுலயும் மீன் வாசம் இல்லாம இருக்காது. விக்கக் கூடாதுங்கறது கட்டுப்பாடு.

அப்புறம் மீன்பாசி ஏலம் வந்துச்சு. ஒரு வருசம் ஏலம் எடுத்தவர், பேர் வேண்டாம், எங்களுக்கு இன்னும் ரெண்டு தண்ணி பாக்கி இருக்கும்போதே ராத்திரியோட ராத்திரியா மடையைத் திறந்து விட்டுட்டார். தண்ணி குறைஞ்சாத்தானே வலை இழுக்க முடியும். பால் பிடிச்ச நெல்லு அப்படியே பதராச்சு. என்னோடது ஒன்றரை ஏக்கர். எங்க அண்ணனோடது மூணு. கேட்கப்போன இடத்துல, மீன் ஏலத்துல விவசாயிக்கு என்ன பேச்சுன்னாங்க. சட்டப்படி பார்த்தா அவங்க கையில ரசீது இருந்துச்சு. எங்க கையில வழக்கம் மட்டும்தான். எழுதி வைக்காத வழக்கம்.

அந்த ஸ்கோகோமிஷ்காரங்களுக்கு ஒரு காகிதமாவது இருந்தது. தெரியாத மொழியில் எழுதினது, ஏமாத்தி வாங்கினது, ஆனாலும் 140 வருசம் கழிச்சு ஒரு நீதிபதி கையில் எடுத்துப் படிக்க ஒரு காகிதம்.

இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். "மாமா, அப்ப நீங்களும் எழுதி வாங்குங்க. கடைசி வயலுக்குத் தண்ணி போன பிறகுதான் வலைன்னு ஏல நிபந்தனையிலயே போடச் சொல்லுங்க" என்றான். கிராம சபைக்குக் கொடுக்க மனு எழுதி வச்சிருக்கேன். 43 கையெழுத்து ஆகியிருக்கு. கடைசித் தாக்கில் இன்னும் ஆறு வீடு பாக்கி. அதில் ரெண்டு பேர் திருப்பூர்ல இருக்காங்க, பொங்கலுக்கு வந்தாத்தான் பிடிக்கணும்.

பையன் பிடிச்சது 61 இறாலாம். படகிலேயே தலையைத் திருகி எடுத்துடணுமாம், இல்லாட்டி சதை குழைஞ்சு போயிருமாம். மிளகு போட்டு வறுத்தேன்னான். எங்கக்கா பக்கத்துல இருந்து கேட்டுட்டு, "புளி கரைச்சு ஊத்தினானா கேளு"ன்னுச்சு.