பத்தமடைப் பாய்

பத்தமடைப் பாய் என்பது திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவி வட்டத்திலுள்ள பத்தமடையில் கோரைப்புல்லை ஊடையாகவும் நூலைப் பாவாகவும் இட்டுக் கைத்தறியில் நெய்யப்படும் பாய். இதன் நுண்பாய் வகை துணியைப் போல மடியக்கூடியது. லெப்பை முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் இத்தொழிலின் படைப்புக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோரை வளர்ந்தது தாமிரபரணிக் கரையில். அது பக்குவப்பட்டது அதே ஆற்றின் ஓடும் நீரில். எனவே இந்தப் பாயின் வரலாற்றை ஆற்றிலிருந்து பிரித்து எழுத இயலாது.

ஆறும் அதன் கரையும்

பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் சேரும் தாமிரபரணியின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர். இந்தக் குறுகிய தொலைவுக்குள் கைத்தொழிலின் மிகப் பழைய சான்றுகளும் இன்றும் உயிரோடிருக்கும் தொழில்களும் நெருங்கிக் கிடக்கின்றன. ஆற்றின் கீழ்ப்பகுதியில், திருவைகுண்டத்துக்கு எதிர்க்கரையில், ஆதிச்சநல்லூர் இருக்கிறது. 1876இல் ஜெர்மானியரான யாகோர் அங்கு முதலில் அகழ்ந்தார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ விரிவான அகழாய்வு நடத்தினார். முதுமக்கள் தாழிகள், வெண்கலக் கலங்கள், இரும்புக் கருவிகள், பொன் நெற்றிப்பட்டங்கள் வெளிப்பட்டன. 2004–05 அகழாய்வில் எடுத்த மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 905 என்று கணிக்கப்பட்டது.

ஈராயிரம் ஆண்டுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தும் வெண்கலமும் பொன்னும் அழியவில்லை. புல்லுக்கும் நூலுக்கும் அந்த ஆயுள் கிடையாது. சில பத்தாண்டுகளில் பாய் நைந்துவிடும். அடுத்த பாயை யாராவது நெய்தால்தான் கலை தொடரும். ஆதிச்சநல்லூரிலிருந்து ஆற்றை எதிர்த்து மேற்கே போனால் வரும் பத்தமடை, அப்படி விடாமல் நெய்துவந்த ஊர்.

ஊரும் நெசவாளரும்

மடை என்பது வயலுக்கு நீர் திறந்துவிடும் வாய். பெயரிலேயே பாசனத்தைத் தாங்கிய பத்தமடைக்குக் கன்னடியன் கால்வாய் ஆற்றுநீரைக் கொண்டுவருகிறது. வாய்க்கால் ஓரங்களிலும் குளக்கரைகளிலும் ஆற்றுப் படுகையிலும் தானாக முளைத்த கோரையே இங்குத் தொழிலுக்கு முதலாயிற்று.

சாதாரணப் பாய் நெசவு பல ஊர்களிலும் உண்டு. நுண்பாயைக் கண்டறிந்தவர் ஹசன் பாவா லெப்பை என்பது ஊர் வழக்கு. கோரையை ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவைத்தால் அதை மிக மெல்லிய இழைகளாகக் கிழிக்க முடியும் என்று கண்டவர் அவரே என்கிறார்கள். இந்தியாவில் மெல்லிய பாய்க்குப் பெயர்பெற்ற ஊர்கள் சிலவே. வங்காளத்தின் மேதினிப்பூர்ப் பகுதி, கேரளத்தின் கிள்ளிமங்கலம் ஆகியவற்றோடு வைத்துப் பேசப்படுவது பத்தமடை. 1953இல் இரண்டாம் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து ஒரு பாய் பரிசாகச் சென்றதாக ஊரார் இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள்.

கோரை பாயாகும் விதம்

பச்சையாக இருக்கும்போதே கோரையை அறுக்க வேண்டும். முற்றினால் நார் முரடாகிவிடும். அறுத்த தண்டை நெடுக்காகக் கிழித்து உள்ளிருக்கும் சோற்றை நீக்கி வெயிலில் உலர்த்துவர். நுண்பாய்க்கு வேலை இங்கேதான் கூடுகிறது. உலர்ந்த கோரையைக் கட்டுகளாகக் கட்டி ஓடும் நீரில் ஒரு வாரம் வரை ஊறவைப்பர். நீர் குடித்த கோரை பருத்து இளகும். அப்போது அதை மீண்டும் கிழித்தால் நூலிழைக்கு நிகரான மெல்லிசு கிடைக்கும். நாள் குறைந்தால் இழை கிழியாது, கூடினால் அழுகிவிடும். தேங்கிய நீரும் இதற்கு உதவாது. எத்தனை நாள் போதும் என்பதை விரலால் தொட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் ஏட்டில் எழுதிக் கற்றுத்தரக்கூடியதன்று.

சிவப்புக்குப் பதிமுகக் கட்டை போன்ற தாவரச் சாயங்களே முன்பு பயன்பட்டன. பின்னாளில் செயற்கைச் சாயம் பரவியது.

தறி தரையோடு படிந்தது. இரு முனைகளிலும் மூங்கில் கழிகளை முளைகளில் இழுத்துக் கட்டி அவற்றுக்கிடையே பாவு ஓட்டுவர். முற்காலத்தில் பாவுக்குக் கற்றாழை நாரும் பயன்பட்டது. பிறகு பருத்தி நூல் வந்தது. நெய்பவர் பாவின் மேல் போட்ட பலகையில் அமர்ந்து, நீண்ட குச்சியால் கோரையிழையை ஊடே செலுத்தி, அச்சால் நெருக்குவார். துணி நெசவில் ஊடை நூல் அறாமல் போய்வரும். இங்கே ஒவ்வோர் இழையும் தனி. ஒன்றைச் செலுத்தி, ஓரத்தை மடக்கி, அச்சை அடித்து, அடுத்ததை எடுக்க வேண்டும். அடியும் நுனியும் ஒரே தடிமனாக இராத புல்லைக்கொண்டு ஏறுமாறில்லாத பரப்பை உண்டாக்குவதில் நெய்பவரின் கண்ணும் கையும் ஒருசேர வேலை செய்கின்றன. முடிந்த பாயின் ஓரங்களைக் கத்தரித்து, தேய்த்து மெருகேற்றுவர்.

வகைகள்

பாயின் தரத்தைப் பாவிழைகளின் நெருக்கம் சொல்லும். சாணளவு அகலத்தில் 50 இழைக்குள் இருப்பது சாதாரணப் பாய். 100 முதல் 140 வரை போவது நுண்பாய். பட்டுப்போல் மடிவதால் பட்டுப்பாய் என்றும் பெயர். சாதாரணப் பாய் சில நாளில் தறியிலிருந்து இறங்கும். நுண்பாய்க்கு வாரங்கள் பிடிக்கும். நெருக்கம் கூடக்கூட மாதமும் ஆகும்.

தென்மாவட்டங்களில் பெரிதும் அறியப்பட்டது கல்யாணப் பாய். மணமக்கள் பெயரையும் திருமண நாளையும் பாயிலேயே எழுத்தாக நெய்து தருவர். எழுத்து வரும் இடத்தில் வண்ணக் கோரையை இழை எண்ணி மாற்ற வேண்டியிருக்கும். லெப்பை வீட்டுத் தறியில் நெய்த பாய் இந்து வீட்டுத் திருமணச் சீரில் போவது இப்பகுதியில் புதிதன்று. தொழுகைப் பாயும் உண்டு. கோரைப்பாயில் படுத்தால் உடல்சூடு தணியும் என்ற நம்பிக்கை வீட்டுக்கு வீடு இருக்கிறது.

சரிவு

பல காரணங்கள் சேர்ந்து தொழிலைத் தளர்த்தின. பிளாஸ்டிக் பாய் விலை மலிவாகவும் கழுவ எளிதாகவும் வந்தது. கட்டிலும் மெத்தையும் பரவியதில் பாய் விருந்தாளிக்கு விரிப்பதாகச் சுருங்கியது. கரூர், முசிறி பக்கம் காவிரிக் கரையில் கோரை பயிராகவே சாகுபடியாகி, விசைத்தறியில் பாய்கள் குவியத் தொடங்கின. தாமிரபரணியில் மணல் அள்ளியதும் கழிவுநீர் கலந்ததும் ஆற்றங்கரைக் கோரையையும் தெளிந்த ஓட்டத்தையும் ஒருங்கே பாதித்தன.

எல்லாவற்றிலும் பெரிது கூலி. வாரக்கணக்கில் முதுகு வளைத்து நெய்யும் நுண்பாய்க்குக் கிடைக்கும் தொகையை நாளுக்குப் பங்கிட்டால், வேறு வேலையே மேல் என்று பிள்ளைகள் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நியாயமில்லை. தறியில் எஞ்சியிருப்போரில் பெரும்பாலோர் பெண்கள்.

பாதுகாப்பு முயற்சிகள்

1952இல் அமைந்த அகில இந்தியக் கைவினை வாரியம், 1973இல் தொடங்கிய தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகமான பூம்புகார் ஆகியவற்றின் வழியே கைவினைப் பொருள்களுக்குக் கண்காட்சியும் விற்பனைக் களமும் கிடைத்தன. ஊரில் கூட்டுறவு முறையிலும் மகளிர் சுயஉதவிக் குழுக்களாகவும் நெசவாளர் ஒன்றுசேர்ந்தனர். படுக்கும் பாய்க்குத் தேவை குறைந்ததால் அதே நெசவில் கைப்பை, மேசை விரிப்பு, கோப்பு உறை ஆகியவையும் செய்யப்படுகின்றன.

2003இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம் 2013இல் பத்தமடைப் பாய்க்குக் காப்பளித்தது. பத்தாண்டுக்குப் பிறகு, 2023இல், அருகிலுள்ள வீரவநல்லூரின் செடிபுட்டா சேலையும் அதே குறியீட்டைப் பெற்றது. குறியீடு பெயரைக் காக்கும். நெய்பவரின் கூலியைத் தானாக உயர்த்தாது. விசைத்தறிப் பாயையும் கைத்தறிப் பாயையும் வாங்குபவர் பிரித்தறிந்து, பின்னதற்கு உரிய விலையைத் தந்தால்தான் சட்டம் தறிவரை எட்டும்.

உலகின் வேறு இடங்களிலும் இந்நிலை உண்டு. ஜப்பானில் ததாமி விரிப்புக்கான இகுசாப் புல்லைப் பயிரிடும் குமமோத்தோ பகுதி உழவர்களும், மலிவான இறக்குமதியாலும் வீடுகளின் மாற்றத்தாலும் எண்ணிக்கையில் குறைந்துவருகிறார்கள்.

காக்கப்பட வேண்டியவை

ஆதிச்சநல்லூரில் தாழிகளை இருந்த இடத்திலேயே கண்ணாடிக்கடியில் காணும் வகையில் 2023இல் களக் காட்சியகம் திறக்கப்பட்டது. நெசவுக்கு அப்படியொரு கண்ணாடி போதாது. காட்சிக்கு வைத்த நுண்பாய், அதை நெய்தவர் கோரையை எப்போது நீரிலிருந்து எடுத்தார் என்று சொல்லாது. அதைச் சொல்ல ஒரு முதிய கையும், கற்க ஓர் இளைய கையும், இரண்டுக்கும் வயிறாரும் கூலியும், கோரை ஊறத் தெளிந்த நீரும் வேண்டும். இந்நான்கில் எது குறைந்தாலும் பெயர் மட்டும் நிற்கும், பாய் நிற்காது.